அந்த ஓராண்டை அரசு மருத்துவமனைக்குள் கொண்டுவாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் முடித்திருக்கிறாள், நல்ல மதிப்பெண். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். மூன்று தனியார் மருத்துவமனைகளில் ஓராண்டு இன்டர்ன்ஷிப் கேட்டிருக்கிறாள். ஒன்றில் இடமே இல்லை. இன்னொன்றில் இடம் உண்டு, உதவித்தொகை கிடையாது. மூன்றாவதில் பயிற்சிக் கட்டணம் என்று அவளிடமே பணம் கேட்டிருக்கிறார்கள்.

"சார், இன்னும் ஒரு வருஷம் ஹாஸ்டலும் சாப்பாடும் அப்பா தலையில கட்ட முடியாது. எங்க ஊர்ல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர் வேலை காலியா இருக்கு. போயிடட்டுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் பொறு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில், பதில் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை, நீங்கள்தான் என்று தோன்றியது. அதனால் இந்த மடல்.

நான் 28 ஆண்டுகள் மருத்துவ இயற்பியலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் அரசு மருத்துவமனைகளில். எங்களை மெடிக்கல் பிசிசிஸ்ட் என்பார்கள். புற்றுநோய் சிகிச்சைக்கு வருகிற பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது டாக்டர், நர்ஸ், அப்புறம் "கரண்ட் வைக்கிற" டெக்னீஷியன். கதிர் சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்த பெயர் அதுதான்: கரண்ட் வைப்பது. "எனக்கு 35 கரண்ட் எழுதியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு ஒரு பெரியவர் காலை ஏழு மணிக்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தொண்டையில் கட்டி. 35 நாளில் 70 கிரே கதிர் அந்தக் கட்டிக்குப் போக வேண்டும். கிரே என்பது கதிர் அளவின் அலகு. அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் பின்னால் தண்டுவடம் ஓடுகிறது. அது தாங்குவது ஏறக்குறைய 45 கிரே. கட்டிக்கு எவ்வளவு என்று முடிவு செய்பவர் டாக்டர். அந்த அளவு அங்கே மட்டும் போய், தண்டுவடத்துக்குப் போகாமல் இருக்கும்படி கணக்கு போடுவதும், எந்திரம் அந்தக் கணக்குப்படிதான் கதிரை விடுகிறதா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் எங்கள் வேலை.

அந்தக் கையெழுத்து போடத் தகுதி வர என்ன செய்ய வேண்டும் என்பது துறைக்குத் தெரிந்ததே. ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இளங்கலை இயற்பியல். பிறகு இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ். நம் மாநிலத்தில் அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. இல்லாவிட்டால் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஓராண்டு டிப்ளமோ. இதற்குமேல், நல்ல வசதியுள்ள கதிர் சிகிச்சைத் துறை ஒன்றில் ஓராண்டு இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. அது முடிந்தால்தான் மருத்துவ இயற்பியலர். கதிர் பாதுகாப்பு அலுவலர் ஆவதற்குத் தனியாக ஒரு தேர்வும் உண்டு. இவர்கள் இல்லாமல் எந்தக் கதிர் சிகிச்சை எந்திரத்தையும் ஓட்ட வாரியம் அனுமதி தராது.

விதியில் எனக்குக் குறையே இல்லை. அந்த ஓராண்டு இருந்தே ஆக வேண்டும். ஆனால் அதை யார் தருவது, அந்த ஆண்டில் பயிற்சியாளர் எதை வைத்துச் சாப்பிடுவார், யார் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார் என்ற கேள்விகள் மாணவனின் கையில் விடப்பட்டிருக்கின்றன. அவரவர் கதவு கதவாகத் தட்டி இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை ஹவுஸ் சர்ஜனாக அதே மருத்துவமனையில் உதவித்தொகையோடு ஓராண்டு பழகுகிறது. பக்கத்துக் கட்டடத்தில், அதே நோயாளிக்கான கதிர் அளவைக் கணக்கிடப் பழக வேண்டிய பிள்ளை மட்டும் சொந்தக் காசில் பழக வேண்டும் என்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

எல்லாவற்றையும் எம்.எஸ்சி.யிலேயே படித்துவிடுகிறார்களே, ஓராண்டில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு நாள் காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிற ஒரு ஊரில் அப்போது வேலை பார்த்தேன். மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லீனாக் எந்திரத்தில் முதல் நோயாளியைப் படுக்க வைக்கும் முன், தினமும் அவுட்புட் பார்க்க வேண்டும். அதாவது எந்திரம் சொல்கிற அளவுக்கும் உண்மையில் வெளிவிடுகிற கதிருக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பது. விரல் நுனி அளவுள்ள ஒரு அயனி அறை, சேம்பர் என்போம், அதை, நோயாளியின் உடம்புக்குப் பதிலாக வைக்கிற பாந்தம் என்ற கட்டைக்குள் செருகிக் கதிரை விட்டால், வெளியே எலக்ட்ரோமீட்டரில் மின்னூட்டம் இவ்வளவு என்று எண் வரும். அந்தச் சேம்பருக்குள் இருப்பது வெறும் காற்று. வெயில் ஏறினாலும் காற்றழுத்தம் மாறினாலும் உள்ளே இருக்கிற காற்றின் அளவு மாறும். அதனால் அன்றைய வெப்பநிலையையும் அழுத்தத்தையும் வைத்து எண்ணைத் திருத்த வேண்டும். இது பாடப்புத்தகத்தில் உள்ள சூத்திரம்தான். எந்த மாணவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

அன்று அளந்தது ஒரு பயிற்சி மாணவி. சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கணக்கு முடித்துவிட்டு வந்து, "சார், மெஷின் நாலரை சதவீதம் கம்மியா குடுக்குது" என்றாள். தினசரிச் சோதனையில் 3 சதவீதம்தான் எல்லை. அதைத் தாண்டினால் எந்திரத்தை நிறுத்தி, ஏன் என்று பார்க்க வேண்டும். வெளியே 12 பேர் காத்திருந்தார்கள். எல்லை தாண்டியதால் பயந்துபோயிருந்தாள், ஆனால் கணக்கில் துளியும் தப்பில்லை. நானே மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே விடை. பிறகு அழுத்தம் எவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன். 1012 மில்லிபார்.

அந்த ஊரில் 1012 வரவே வராது. 965 சுமாருக்கு இருக்கும்.

"பாரோமீட்டர் பார்த்தியாம்மா?" என்றேன். அறையின் மூலையில் மாட்டியிருக்கும் பாரோமீட்டரைக் காட்டினேன். "இல்ல சார், போன்ல வெதர் ஆப்ல பார்த்தேன், லைவ்வா காட்டுச்சு" என்றாள். ஆப்பில் காட்டுவது கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். வானிலைக்காரர்களுக்கு அதுதான் வேண்டும், சென்னையையும் பெங்களூருவையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க. சேம்பருக்குள் இருப்பதோ அந்த அறையின் காற்று. ஊட்டி பஸ்ஸில் ஏறும்போது காது அடைக்கிறதே, அதை நினைத்துக்கொள் என்று சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பாரோமீட்டர் எண்ணைப் போட்டதும் எந்திரம் அரை சதவீதத்துக்குள் சரியாக இருந்தது. 12 பேருக்கும் அன்றைய கரண்ட் நேரத்துக்கு முடிந்தது.

இப்போது அந்த அறையில் நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்திரம் குறைவாகக் கொடுக்கிறது என்று நம்பி, அதை நாலரை சதவீதம் ஏற்றி வைத்திருப்பார்கள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதியதைவிட நாலரை சதவீதம் கூடுதல். எந்திரத்தில் எந்த விளக்கும் எரியாது. நோயாளிக்கும் எதுவும் தெரியாது, கதிர் பட்டால் சுடாது, வலிக்காது. சில மாதம் கழித்து யாருக்காவது தொண்டைப் புண் ஆறவே இல்லை என்றால், உடம்பு வாகு என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பெண் கெட்டிக்காரி, இன்று ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமை இயற்பியலர். அவளுக்கு அன்று தேவைப்பட்டது, கூடவே ஒரு ஆள். தப்பு செய்யும்போது பக்கத்தில் நின்று, திட்டாமல், ஏன் என்று காட்டுகிற ஆள். இன்டர்ன்ஷிப் என்று நாம் சொல்வதில் முக்கால் பங்கு இதுதான்.

இது கற்பனைப் பயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1988இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகர மருத்துவமனையில் கோபால்ட் எந்திரத்துக்குப் புது மூலம், அதாவது உள்ளிருந்து கதிர் விடுகிற கோபால்ட் துண்டு, மாட்டினார்கள். அதன் வீரியத்தை அளந்தபோது நேரக் கணக்கில் பிசகு. இன்னொருவர் தனியாக அளந்து சரிபார்க்கவில்லை. 207 பேருக்கு எழுதியதைவிட 25 சதவீதம் கூடுதல் கதிர் போய்விட்டது. அதே நாட்டின் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் தலைகீழாக நடந்தது. கணினி ஏற்கெனவே செய்துவிட்ட ஒரு திருத்தத்தை மறுபடியும் கையால் செய்து, 1982 தொடங்கி 1991 வரை ஏறத்தாழ ஆயிரம் பேருக்குக் குறைவான கதிர் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு இடத்திலும் எந்திரத்தில் கோளாறு இல்லை. படித்தவர்கள்தான் அளந்தார்கள், படித்தவர்கள்தான் கணக்குப் போட்டார்கள்.

அந்த நாடு இன்று இந்த வேலைக்கு ஆட்களை எப்படித் தயார் செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அங்கே மருத்துவ இயற்பியலரும், ரத்தப் பரிசோதனை அறிவியலரும், மரபணுப் பரிசோதனை அறிவியலரும் எல்லாரும் கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்ற ஒரே பெயரில் வருகிறார்கள். பதிவு இல்லாத யாரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. 2011இலிருந்து இங்கிலாந்தில் இதற்கென்று மூன்று ஆண்டுப் பயிற்சித் திட்டம் நடக்கிறது. தேர்வானவர் முதல் நாளிலிருந்தே அரசுச் சுகாதாரச் சேவையின் ஊழியர், மாதச் சம்பளம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலையும் படிக்கிறார். முதலில் பக்கத்துப் பிரிவுகளுக்கெல்லாம் சுற்றி அனுப்புகிறார்கள். கதிர் சிகிச்சைக்குப் போகப் போகிறவர்கூட அணு மருத்துவத்திலும் எம்.ஆர்.ஐ.யிலும் கொஞ்ச காலம் பழக வேண்டும். பிறகுதான் தன் பிரிவு. எந்தெந்த வேலையைக் கையால் செய்து காட்டினார் என்று ஒவ்வொன்றாகப் பதிவாகிறது. கடைசியில் ஒரு மதிப்பீடு, அதன் பிறகு பதிவு.

அதை அப்படியே இங்கே இறக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. நம் எம்.எஸ்சி. படிப்புகள் நன்றாகவே இருக்கின்றன, அவற்றைக் கலைக்க வேண்டியதில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பயிற்சியில் இருப்பவரும் மருத்துவமனையின் ஊழியர் என்ற எண்ணம்.

இதைச் செய்ய நம்மைவிட வசதியான மாநிலம் இந்தியாவில் அதிகம் இருக்காது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934இலேயே திறக்கப்பட்டது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் காரப்பேட்டையில் புற்றுநோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. சமீப ஆண்டுகளில் மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று மாவட்டத் தலைநகரங்களுக்கு லீனாக் வந்துவிட்டது. முன்பெல்லாம் நெல்லைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கரண்ட் வைக்கச் சென்னைக்கு வந்து, உறவினர் வீட்டிலோ மருத்துவமனை வராந்தாவிலோ ஒன்றரை மாதம் தங்க வேண்டியிருந்தது. அந்த நிலையை மாற்றியது இந்தத் துறைதான். அதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். கோடிக்கணக்கில் போட்டு எந்திரம் வாங்கத் தெரிந்த துறைக்கு, அதை அளக்கிற ஆளை உருவாக்குவது பெரிய செலவாக இருக்க முடியாது.

பயிற்சிக்கு அரசு மருத்துவமனையைப் போன்ற இடம் வேறு கிடையாது என்பதையும் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என் இன்டர்ன்ஷிப்பை நான் செய்தது ஒரு தனியார் மருத்துவமனையில். அங்கே எனக்கு ஒரு ரூபாய் கிடையாது. மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சாப்பிட்டேன். அது போகட்டும். ஓராண்டு முழுக்க என்னை ஒரு கணினி முன்னால் உட்காரவைத்துப் பிளான், அதாவது கதிர் அளவுக் கணக்கு, போடச் சொன்னார்கள், அவ்வளவுதான். சேம்பரைக் கையில் தொட்டது மொத்தம் நான்கு முறை. கதிர் மூலத்தை உடம்புக்குள்ளேயே வைத்துச் சிகிச்சை தருகிற பிராக்கிதெரபி அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சான்றிதழில் மட்டும் எல்லாவற்றிலும் பயிற்சி பெற்றேன் என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

என்னை உண்மையில் உருவாக்கியவர் அதற்கப்புறம் ஒரு அரசு மருத்துவமனையில் எனக்கு மேலே இருந்த மூத்த இயற்பியலர். அங்கே பழைய கோபால்ட் எந்திரம்தான். கோபால்ட் 60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, மாதத்துக்கு ஒரு சதவீதம் போல வீரியம் குறைந்துகொண்டே வரும். மூலம் புதிதாக இருந்தபோது ஒன்றரை நிமிடம் படுத்த நோயாளி, ஐந்து வருடம் கழித்து மூன்று நிமிடம் படுக்க வேண்டும். இருமல்காரர்களுக்கு அந்த மூன்று நிமிடம் பெரும் பாடு. ஐயா ஒவ்வொரு மாதம் முதல் தேதியும் புது நேர அட்டவணையைக் கையால் எழுதுவார். பிறகு என்னைத் தனியாக எழுதச் சொல்வார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்ப்பார். கணினி அச்சிட்டுத் தருமே சார் என்று ஒருமுறை கேட்டேன். "கணினி தப்பு பண்ணா உனக்குத் தெரியணும்ல?" என்றார். ஒரு மதியம் என்னைச் சிகிச்சை மேசையில் படுக்கச் சொன்னார், எந்திரம் அணைத்திருந்தபோது. சூடான நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை என் முகத்தின் மேல் இழுத்து, மாஸ்க் செய்து, மேசையோடு பூட்டிவிட்டு வெளியே போய்விட்டார். ஐந்து நிமிடம். கண்ணைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கினால் தாடை வலையில் இடிக்கிறது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு பிளானிலும், நோயாளி மேசையில் கிடக்கிற நேரத்தில் அரை நிமிடம் குறைக்க முடியுமா என்று பார்க்காமல் விட்டதில்லை.

அரசு மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வருகிற பெண்கள் அதிகம், அதனால் பிராக்கிதெரபியும் அதிகம். வாய், தொண்டைப் புற்றுநோயும் அப்படியே. முற்றிப்போன பிறகு வருகிறவர்களும் நிறையப் பேர். எலும்பு வலிக்கு ஒரே நாளில் 8 கிரே கொடுத்து அனுப்ப வேண்டியவர், கூலி வேலையை விட்டுவிட்டு வந்ததால் நடுவில் நான்கு நாள் வராமல் போனவர், எல்லாரையும் அங்கேதான் பார்க்க முடியும். விட்டுப்போன நாளை எப்படி ஈடுகட்டுவது என்ற கணக்கு பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம்தான். வார்டில் அது வாரம் தவறாமல் வரும்.

சரி, நான் கேட்பது என்ன என்று திட்டமாகச் சொல்கிறேன்.

கதிர் சிகிச்சைத் துறை உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், எந்திரத்துக்கு ஒன்றாவது மருத்துவ இயற்பியல் பயிற்சியிடம் உருவாக்குங்கள். அதற்கு மாத உதவித்தொகை வேண்டும். ஹவுஸ் சர்ஜனுக்குக் கொடுப்பதற்குக் குறையாத தொகை என்று எழுதலாமா என்று தயங்கினேன். தயக்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன், அதே தொகை கொடுங்கள். இடங்களை மாநில அளவில் ஒரே கலந்தாய்வில் நிரப்புங்கள், மதிப்பெண்ணும் நேர்காணலும் வைத்து. தெரிந்தவர் மூலம் இடம் பிடிக்கிற வழக்கம் அதோடு நின்றுவிடும்.

ஓராண்டையும் ஒரே இடத்தில் கழிக்க வைக்காதீர்கள். கோபால்ட் உள்ள இடத்தில் மூன்று மாதம், லீனாக்கில் ஐந்து மாதம், பிராக்கிதெரபி அதிகம் நடக்கிற இடத்தில் இரண்டு மாதம், மிச்சம் சி.டி.யிலும் அணு மருத்துவத்திலும். இந்த மாதக் கணக்கு என் யோசனைதான், மாற்றிக்கொள்ளலாம். சுற்றி வர வேண்டும் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். செய்த வேலைகளுக்கு ஒரு பதிவேடு இருக்கட்டும். கடைசி மதிப்பீட்டை அந்த மருத்துவமனைக்கு வெளியே இருந்து வருகிற இருவர் செய்யட்டும். என் சான்றிதழைப் போல ஒன்று இனி யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படக் கூடாது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, கற்றுக்கொடுக்கிறவரின் நேரம். ஒரு இயற்பியலர் காலையில் அவுட்புட் பார்த்து, பகல் முழுக்கப் பிளான் போட்டு, மாலையில் பிளான்களைச் சோதித்து, நடுவில் எந்திரம் பழுதானால் சர்வீஸ் இன்ஜினீயருக்குப் பின்னால் ஓடி, வாரியத்துக்கான தாள்களையும் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் இரண்டு பயிற்சியாளர்களைக் கொடுத்துக் கற்றுக்கொடு என்றால், அவரும் அவர்களைக் கணினி முன்னால்தான் உட்காரவைப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு முழு நாள் பயிற்றுவிக்கும் நாள் என்று அவருடைய பணி ஆணையிலேயே இருக்க வேண்டும். அதற்கு ஆள் போதாது என்றால் காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் வருடத்துக்கு வருடம் தொங்கிக்கொண்டிருக்கிற இளைஞர்கள் நிறையப் பேரை எனக்கே தெரியும். நாளை இருப்போமா என்று தெரியாதவர் இன்னொருவரை எப்படி மனதோடு வளர்ப்பார்?

அரசுச் செலவில் பயிற்சி எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்கோ கார்ப்பரேட்டுக்கோ போய்விடுவார்கள் என்பது துறை எழுப்பக்கூடிய முதல் ஆட்சேபம். சிலர் போவார்கள். முதுநிலை மருத்துவர்களுக்குச் செய்வதுபோல ஒப்பந்தப் பணி நிபந்தனை வைக்கலாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, கட்டிவைத்து வேலை வாங்குவது இந்த வேலைக்கு ஒத்துவராது. ஆனால் பயிற்சி முடித்ததும் இரண்டு ஆண்டு முறையான சம்பளத்தோடு அரசுப் பணி உறுதி என்று சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் தாங்களாகவே வருவார்கள். இந்தப் படிப்பில் சேர்கிற பிள்ளைகளில் பலர் சின்ன ஊர்களிலிருந்து, தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் அவர்கள் வேறெங்கும் போக மாட்டார்கள்.

சட்டத்தின் துணையும் இப்போது இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ இயற்பியலரையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. மாநிலங்களுக்குக் கவுன்சிலும் பதிவேடும் உண்டு என்று சொல்கிறது. பல ஆண்டுகளாக டாக்டரும் இல்லை, டெக்னீஷியனும் இல்லை என்ற இடைவெளியில் நின்றிருந்த எங்களுக்கு அது பெரிய விஷயம். பதிவுக்கு முந்தைய பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று மாநிலம் வலுவாகச் சொல்ல இதுவே தருணம். ஆய்வகங்களில் இருக்கிற உயிர்வேதியியலர்களுக்கும் நுண்ணுயிரியலர்களுக்கும் இதே கதைதான். அவர்களுடைய தேவையை அவர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், அவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

என்னால் ஆவதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சித் திட்டம் எழுத ஒரு குழு போட்டால், படியோ பயணச் செலவோ வாங்காமல் வந்து உட்காருகிறேன். எனக்குத் தெரிந்து ஓய்வு பெற்ற மூத்தவர்கள் இன்னும் நான்கைந்து பேர் தயாராக இருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் எந்த மாவட்டத்துக்கு அனுப்பினாலும் போய்ப் பயிற்சியாளர்களோடு நிற்போம். என் ஐயா எழுதிய பழைய கோபால்ட் அட்டவணை நோட்டுகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. அவற்றையும் எடுத்து வருகிறேன்.

அந்த மாணவிக்கு நான் திரும்பப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் கையெழுத்துப் போடாதே, ஒரு மடல் எழுதுகிறேன், இந்தக் கல்வியாண்டு தொடங்கும் வரை பொறு என்று சொன்னேன். சரி சார் என்றாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஜூன் முதல் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவ இயற்பியலர் ஒருவர்